ஈஸ்ட்டுக்கு வெயில் ஏறுவது எப்படித் தெரிகிறது? முனிச்சாலை பேக்கரியிலிருந்து ஒரு கேள்வி

முனிச்சாலை_பேக்கரி எழுதியது:

வணக்கம். அறிவியல் பகுதியில் பேக்கரிக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்களுக்கு மதுரை முனிச்சாலையில் கடை, மச்சானுக்குக் கொடைக்கானலில் கடை. இரண்டு இடத்துக்கும் ஒரே மைதா, ஒரே கம்பெனி உலர் ஈஸ்ட். இங்கே சித்திரை வெயிலில் பன் மாவை உருட்டி முடிப்பதற்குள் முதல் ட்ரே பொங்கி நிற்கிறது. மாஸ்டர் ஐஸ் போட்டுத்தான் பிசைகிறார். அங்கே மார்கழியில் காலையில் வைத்த ட்ரே மதியம் வரைக்கும் அசைய மாட்டேன் என்கிறது.

ஈஸ்ட் கொண்டுவரும் சேல்ஸ்மேன், "குளிர்ல ஈஸ்ட்டோட தோல் உறைஞ்சு போயிரும் அண்ணே" என்றார். உறைந்தால் செத்துத்தானே போக வேண்டும்? தாமதமாக எழுந்தாலும் மச்சான் கடை பன் நன்றாகத்தான் வருகிறது. இன்னொன்று: ஈஸ்ட்டை நேராக ஐஸ் தண்ணீரில் கரைத்து ஊற்றிய நாட்களில் மாவு மொத்தமும் படுத்துவிடுகிறது. பாக்கெட் தேதியெல்லாம் சரியாகவே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வாத்தியார் எழுதியது:

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை தம்பி. குளிரில் நொதிகள் மெதுவாக வேலை செய்யும், சூட்டில் வேகமாக. பிளஸ் டூ பாடம். தோலாவது, உறைவதாவது.

நாகமலை_லேப் எழுதியது:

வாத்தியார் சொன்னது மாவு எழும் வேகத்துக்குச் சரி. ஆனால் சேல்ஸ்மேன் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம். நான் ஈஸ்ட் வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறேன், எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஈஸ்ட் செல்லைச் சுற்றி வெளியே ஒரு கெட்டியான செல்சுவர். அதற்கு உள்பக்கம் மெல்லிய சவ்வு. சேல்ஸ்மேன் சொன்ன 'தோல்' இந்தச் சவ்வுதான். இரண்டு அடுக்குக் கொழுப்பு, நடுநடுவே புரதங்கள். சர்க்கரையை உள்ளே இழுப்பது, உள்ளே புகும் அமிலத்தை வெளியே தள்ளுவது எல்லாம் அந்தப் புரதங்களின் வேலை. கொழுப்பு ஓரளவு இளகி இருந்தால்தான் அவை அசைய முடியும். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்ட சவ்வு மாதிரி இதைத்தான் சொன்னது. ரொம்ப இளகினால் கசியும், ரொம்ப இறுகினால் புரதங்கள் முடங்கும்.

இளக்கம் எதைப் பொறுத்தது? கொழுப்பு அமிலச் சங்கிலியைப் பொறுத்தது. ஸ்டியரிக் அமிலத்துக்கு 18 கார்பன், ஒலியிக் அமிலத்துக்கும் 18 கார்பன். வித்தியாசம் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. ஸ்டியரிக் உருகுவது 69 டிகிரியில், ஒலியிக் உருகுவது 13 டிகிரி வாக்கில். அந்த ஒரு பிணைப்பில் சங்கிலி வளைகிறது, வளைந்தவை நெருங்கி அடுக்க முடியாமல் போகிறது. இரட்டைப் பிணைப்பு இல்லாததை நிறைவுற்ற கொழுப்பு என்பார்கள், இருப்பதை நிறைவுறாக் கொழுப்பு என்பார்கள்.

நம் பேக்கரி ஈஸ்ட்டிடம் இந்தப் பிணைப்பைப் போடும் நொதி ஒன்றே ஒன்றுதான் உண்டு. பெயர் ஓலே1. அதுவும் சங்கிலியின் 9ஆவது இடத்தில் மட்டும் போடும், இரண்டாவது பிணைப்பு போடத் தெரியாது. இருந்தும் சாதாரணமாக வளரும் ஈஸ்ட்டின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 70 முதல் 80 சதவீதம் இதன் கைவேலைதான். ஓலே1 கெட்ட ஈஸ்ட், வெளியிலிருந்து ஒலியிக் அமிலம் கொடுத்தால் ஒழிய வளராது. அதே வேலை செய்யும் எலியின் நொதியை அதற்குப் பதிலாக வைத்தாலும் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும் என்று 1990இலேயே காட்டிவிட்டார்கள்.

குளிர் வந்தால் ஓலே1 கூடும், சங்கிலிகள் கொஞ்சம் குட்டையாகும். சூடு வந்தால் தலைகீழ். இ.கோலை பாக்டீரியாவில் இதே போக்கைக் கண்டு 1974இல் சினென்ஸ்கி அதற்குப் பெயரும் வைத்தார்: வெப்பநிலை எதுவானாலும் சவ்வின் பிசுபிசுப்பை ஒரே நிலையில் வைத்துக்கொள்ளும் தகவமைப்பு. எனவே கொடைக்கானலில் தோல் உறைந்துபோவதில்லை. உறைய விடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது.

கொடைரோடு_பாண்டி எழுதியது:

வீட்டில் பார்க்கிறதுதானே இது. மலைமேல் அக்கா வீட்டில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராது, பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஜம்மென்று ஊற்றும். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். குளிர்ந்தால் ஈஸ்ட் தன் தேங்காயெண்ணெயை நல்லெண்ணெயாக மாற்றிக்கொள்கிறது, அப்படித்தானே?

நாகமலை_லேப் எழுதியது:

அப்படியே வைத்துக்கொள்ளலாம் பாண்டி அண்ணே.

பழைய_வாத்தியார் எழுதியது:

சரி, மாற்றுகிறது என்றே வைப்போம். குளிர்ந்துவிட்டது என்று அதற்கு யார் சொன்னது? ஏதோ ஒரு புரதம் வெப்பநிலையை அளக்க வேண்டும். பாசில்லஸ் பாக்டீரியாவில் அப்படி ஒரு புரதம் உண்டு என்று நானே படித்திருக்கிறேன். ஈஸ்ட்டிலும் அதுதான் இருக்கும். அதை விட்டுவிட்டு 'ஏற்பாடு' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எப்படி அம்மா?

நாகமலை_லேப் எழுதியது:

சார், நீங்கள் சொல்வது டெஸ்கே என்ற புரதம். சவ்வு குளிர்ந்து தடிக்கும்போது அது விழித்துக்கொள்ளும். ஈஸ்ட்டின் கதை வேறு. இங்கே கவனிக்கப்படுவது வெப்பநிலை கிடையாது, கொழுப்பு எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கிறது என்பதுதான். வெப்பம் மாறினால் அடுக்கும் மாறும், அதனால் வெப்பத்தை அளப்பது போலத் தோன்றுகிறது. வெப்பம் மாறாமலே கொழுப்பின் கலவை மாறினாலும் அதே மணி அடிக்கும்.

அந்த மணி ஒரு புரதம், பெயர் எம்ஜிஏ2. (நம்ம ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் கட்சிக்காரர் என்று நினைக்கிறார்கள்.) இதற்கு எஸ்பிடி23 என்று ஒரு கூட்டாளியும் உண்டு. இரண்டில் ஒன்று இருந்தால் ஈஸ்ட் சமாளித்துவிடும். இரண்டும் போனால் ஒலியிக் அமிலம் ஊட்டித்தான் பிழைக்க வைக்க வேண்டும்.

எம்ஜிஏ2 உட்காருவது வெளிச்சவ்வில் இல்லை, செல்லுக்குள் கொழுப்பு தயாராகும் எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில். உடம்பின் பெரும்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஒரு சுருள் மட்டும் சவ்வைத் துளைத்து நிற்கும். இப்படி இரண்டு எம்ஜிஏ2 ஜோடியாக நிற்கின்றன. இரண்டு சுருள்களும் தம் அச்சில் இப்படியும் அப்படியும் திரும்பியபடியே இருக்கும். சுருளில் 1042ஆவது இடத்தில் டிரிப்டோபேன் என்ற பருமனான அமினோ அமிலம். கொழுப்பு தளர்வாக இருந்தால் அது கொழுப்புப் பக்கம் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம். நிறைவுற்ற கொழுப்பு சேர்ந்து அடுக்கு நெருங்கினால் அங்கே இடம் போதாது, எனவே ஜோடியின் பக்கம் திரும்பி நிற்கும் நேரம் கூடுகிறது. ஜெர்மனியில் ராபர்ட் எர்ன்ஸ்ட் குழு 2016இல் இதைக் காட்டியது.

அப்படித் திரும்பினால் வெளியே நீட்டிய பகுதியில் ஆர்எஸ்பி5 என்ற நொதி யுபிக்விட்டின் முத்திரை குத்தும். வழக்கமாக முத்திரை விழுந்த புரதத்தை புரோட்டியசோம் முழுசாக அரைத்துவிடும். இங்கே மட்டும் பாதியோடு நிறுத்துகிறது! 120 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) புரதத்திலிருந்து 90 கிலோடால்டன் துண்டு கழன்று, உட்கருவுக்குள் போய் ஓலே1 மரபணுவை முடுக்கிவிடும். கழிவு அரைக்கும் இயந்திரத்தையே செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இந்த வழியை 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

ஓலே1 வேலை செய்ததும் அடுக்கு தளர்கிறது, மணி நிற்கிறது. நிறைவுறாக் கொழுப்பு போதுமான அளவு சேர்ந்துவிட்டால் ஓலே1இன் தூது ஆர்.என்.ஏ-வும் (நொதி செய்யப் பயன்படும் மரபணு நகல்) சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே கையிருப்பை வைத்து மிச்ச ஆட்டம் ஆட முடியாது.

பழைய_வாத்தியார் எழுதியது:

நெருக்கம் என்றாலும் பிசுபிசுப்பு என்றாலும் ஒன்றுதானே? எதற்குச் சுற்றி வளைத்து இரண்டு பெயர்?

நாகமலை_லேப் எழுதியது:

ஒன்று என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள் சார். அதே குழு 2020இல் சவ்வு, எம்ஜிஏ2, முத்திரை குத்தும் நொதி எல்லாவற்றையும் செல்லுக்கு வெளியே சேர்த்து வைத்துப் பார்த்தது. கொழுப்பில் இரட்டைப் பிணைப்பு எத்தனை, சங்கிலியில் எந்த இடத்தில், வளைந்த வடிவமா நேர் வடிவமா என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். எம்ஜிஏ2 ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவில் பதில் சொன்னது. சவ்வு மொத்தமும் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதோடு அந்தப் பதில் ஒத்துப்போகவில்லை. டிரிப்டோபேன் இருக்கும் ஆழத்தில் அடுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதோடுதான் ஒத்துப்போனது. பிசுபிசுப்பு சீராக இருப்பது விளைவு. அளக்கப்படுவது அது இல்லை.

மொலாசஸ் எழுதியது:

நான் ஒரு வடிசாலையில் நொதித்தல் தொட்டி பார்க்கிறவன். பன்னுக்குச் சரி, எங்கள் கதை கேளுங்கள். மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) ஓடும்போது தொட்டி தானாகவே சூடேறும். குளிர்விக்கும் தட்டுகள் அடைத்துக்கொண்டு சூடு 36ஐத் தாண்டினால் ஷிப்டில் ஒருவருக்கும் தூக்கம் கிடையாது. பாதிச் சர்க்கரை மிச்சமிருக்க ஓட்டம் நின்றுவிடும். அதே 36 டிகிரியில் தொடக்கத்தில் நன்றாக ஓடுகிறது, ஆல்கஹால் ஏறிய பிறகுதான் இந்த வம்பு. சூடும் ஆல்கஹாலும் சேர்ந்தால் ஏன் இப்படி?

அப்புறம் இன்னொன்று. தொடக்கத்தில் காற்று விடாமல் போட்ட தொட்டி கடைசியில் ஓடாமல் நின்றுவிடும். ஆல்கஹால் வேண்டும் என்றால் காற்று கூடாது என்றுதானே படித்தோம்?

நாகமலை_லேப் எழுதியது:

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். சூடும் சவ்வை இளக்கும், ஆல்கஹாலும் சவ்வுக்குள் புகுந்து அடுக்கைக் குலைக்கும். வெளியே அமிலம், உள்ளே நடுநிலை. சவ்வு கசிந்தால் அமிலம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளும் புரதத்துக்கே ஈஸ்ட்டின் சக்தி போய்விடும். தனித்தனியே தாங்கும் இரண்டு தொல்லைகள் ஒன்றுசேரும்போதுதான் தொட்டி நின்றுபோகிறது.

இளகுவதுதான் பிரச்சினை என்றால் நிறைவுற்ற கொழுப்பைக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். நடப்பது அப்படி இல்லை. ஒலியிக் அமிலமும் எர்கோஸ்டிராலும் நிறைந்த ஈஸ்ட்தான் ஆல்கஹாலைத் தாங்குகிறது. எர்கோஸ்டிரால் நமக்குக் கொலஸ்டிரால் போல ஈஸ்ட்டுக்கு. கொழுப்புச் சங்கிலிகளுக்கு நடுவே நின்று, இளக்கம் எந்தப் பக்கமும் எல்லை மீறாமல் பிடித்துக்கொள்ளும்.

காற்று சமாச்சாரத்துக்கு வருவோம். ஓலே1க்கு ஆக்சிஜன் வேண்டும். எர்கோஸ்டிரால் ஒரு மூலக்கூறு செய்ய மட்டும் 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. ஆல்கஹால் ஆக்குவதற்கு ஆக்சிஜன் வேண்டாம், சவ்வு கட்டுவதற்கு வேண்டும். 1953, 54இல் ஆண்ட்ரியாசன், ஸ்டியர் இருவரும் காற்றே இல்லாமல் ஈஸ்ட்டை வளர்த்துப் பார்த்தார்கள். எர்கோஸ்டிராலும் ஒலியிக் அமிலமும் ஊட்டினால்தான் வளர்ந்தது. உங்கள் தொட்டியில் தொடக்கக் காற்றை நிறுத்தினால், ஈஸ்ட் இருக்கிற சவ்வுச் சரக்கைத் தாய்க்கும் பிள்ளைக்கும் பங்கு போட்டுக்கொண்டே போகும். ஆல்கஹால் ஏறும் கடைசி நேரத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது.

மொலாசஸ் எழுதியது:

இதை எங்கள் ஷிப்ட் இன்சார்ஜுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். 40 டிகிரியில் ஓடுகிற ஈஸ்ட் ஏதாவது உண்டா? எங்கள் ஊர்த் தண்ணீரே கோடையில் குளிர்விக்கிற சூட்டில் இல்லை.

நாகமலை_லேப் எழுதியது:

க்ளைவெரோமைசஸ் மார்க்சியானஸ் என்று வேறொரு ஈஸ்ட் 45ஐத் தாண்டியும் வளரும். நம் வழக்கமான ஈஸ்ட்டையே சுவீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் சூட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, 40 டிகிரியில் நன்றாக வளரும் வகைகளைப் பிரித்தெடுத்தார்கள். 2014இல் வந்த ஆய்வு. அவற்றை ஆராய்ந்தால் ஸ்டிரால் (எர்கோஸ்டிரால் வகைப் பொருள்கள்) செய்யும் வரிசையில் ஈஆர்ஜி3 என்ற மரபணு உடைந்திருந்தது. எர்கோஸ்டிராலுக்குப் பதில் ஃபீகோஸ்டிரால் என்ற வேறு வடிவம் சவ்வில் சேர்ந்திருந்தது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை, அதே வகைகள் பழைய 30 டிகிரியில் பின்தங்கின.

மருந்துக்கடை_மேலமாசி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எர்கோஸ்டிரால் என்றதும் கைக்கு வருகிறது: படர்தாமரைக்கு நாங்கள் கொடுக்கும் க்ளோட்ரிமசோல் களிம்பு, ஃப்ளூகொனசோல் மாத்திரை எல்லாம் பூஞ்சை எர்கோஸ்டிரால் செய்வதைத்தான் தடுக்கின்றன. நம் செல்லில் கொலஸ்டிரால் இருப்பதால் நமக்கு அவ்வளவு அடி இல்லை. பாதியில் மருந்தை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

முனிச்சாலை_பேக்கரி எழுதியது:

எல்லாம் படித்தேன். பாதி புரிந்தது, மீதியை மகளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். என் ஐஸ் தண்ணீர் கேள்வியை யாரும் தொடவே இல்லையே?

நாகமலை_லேப் எழுதியது:

வருகிறேன் அண்ணே. அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நான் மேலே எழுதிய தகவமைப்பு நடக்க நேரம் பிடிக்கும். புதுக் கொழுப்பு செய்து சவ்வை மாற்றுவதற்குள் செல் பெருகவும் செய்யும். உங்கள் பன் மாவுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. மாவுக்குள் இருக்கும் ஆக்சிஜனும் பிசைந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும், அதனால் ஓலே1 அங்கே கை கட்டித்தான் நிற்கும். ஆக, மாவில் ஈஸ்ட் பிழைப்பது தொழிற்சாலைத் தொட்டியில், சுமார் 30 டிகிரியில், காற்றை அடித்து அடித்து வளர்த்தபோது கட்டிக்கொண்ட சவ்வை வைத்துத்தான். கொடைக்கானல் மாவு மெதுவாக எழுவதற்கு வாத்தியார் சொன்னதே முக்கியக் காரணம்.

ஐஸ் தண்ணீரில் மாவு படுத்ததற்குத்தான் சவ்வு நேரடிக் காரணம். உலர் ஈஸ்ட்டில் ஈரம் நூற்றுக்கு ஐந்து, எட்டு பங்குக்குள்தான். தண்ணீர் போனதும் கொழுப்பின் தலைகள் நெருங்கி, சவ்வு அறை வெப்பத்திலேயே இறுகிக் கிடக்கும். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை தண்ணீர் விட்டுப்போன இடத்தில் நின்று முடிந்தவரை காப்பாற்றும். அந்த நிலையில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் சவ்வு முதலில் இளகிவிடும், பிறகு தண்ணீர் ஏறும். ஐஸ் தண்ணீர் பட்டால் இறுகிய நிலையிலேயே தண்ணீர் புகுந்து, சவ்வு நிலை மாறும் நேரத்தில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். உள்ளே இருக்கும் சரக்கு வெளியே கசியும். அப்படிக் கசியும் குளுட்டத்தையோன் என்ற பொருள் மாவின் பசையை வேறு தளர்த்திவிடும். மாவு எழாமலும் போகும், நசநசவென்றும் ஆகும்.

முனிச்சாலை_பேக்கரி எழுதியது:

அதே நசநசப்புதான்! மாஸ்டர் மைதா சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் மில்காரரிடம் சண்டைக்குப் போவார்.

கொடைரோடு_பாண்டி எழுதியது:

அப்ப ஐஸ் போடவே கூடாதா?

நாகமலை_லேப் எழுதியது:

போடலாம். ஈஸ்ட் முதலில் தொடுவது ஐஸாக இருக்கக் கூடாது, அவ்வளவே. குருணையாக இருக்கும் பழைய வகை உலர் ஈஸ்ட் என்றால் 40 டிகிரி வாக்கில், கை பொறுக்கும் சூட்டில், கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு மாவில் ஊற்றுங்கள். இன்ஸ்டன்ட் வகை என்றால் ஊறவைக்கவே வேண்டாம், மைதாவோடு கலந்துவிட்டு அதற்கப்புறம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் பிசையுங்கள். அந்த வகையில் கசிவைக் குறைக்க சார்பிட்டன் மோனோஸ்டியரேட் என்ற பொருளைச் சேர்த்திருப்பார்கள், பாக்கெட்டின் பின்னால் பாருங்கள். ஈரக் கட்டி ஈஸ்ட்டுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை, அதன் சவ்வு காயவே இல்லையே.

பழைய_வாத்தியார் எழுதியது:

ஒரு சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. மணி அடிக்கும் புரதம் உள்ளே வலைப்பின்னலில் இருக்கிறது என்கிறாய். குளிரும் ஆல்கஹாலும் தாக்குவது வெளிச்சவ்வை. உள்ளே அளந்து வெளியே எப்படிச் சரி செய்யும்?

நாகமலை_லேப் எழுதியது:

நல்ல கேள்வி சார், எங்கள் லேபிலும் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். கொழுப்பு பெரும்பாலும் வலைப்பின்னலில் தயாராகித்தான் மற்ற சவ்வுகளுக்குப் போகிறது. எனவே தயாரிக்கும் இடத்தில் அளந்தால் சரக்கின் தரம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஆனால் எல்லாச் சவ்வும் ஒரே கலவை இல்லை. வெளிச்சவ்வில் எர்கோஸ்டிரால் குவிந்திருக்கும், வலைப்பின்னலில் குறைவு. ஆகவே எம்ஜிஏ2 மட்டும் எல்லாவற்றையும் நடத்துகிறது என்று சொல்ல முடியாது.

வாக்குவோல் இதற்கு நல்ல சாட்சி. செல்லுக்குள் பெரிய பை போல இருக்குமே, அது. சர்க்கரை தீர்ந்து ஈஸ்ட் வளர்ச்சியை நிறுத்தும் கட்டத்தில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள்: வாக்குவோலின் சவ்வு மொத்தமும் ஒரே நிறமாக இருக்காது. பளிச்சென்ற பரப்பில் கறுப்புப் பொட்டுகள் வரிசையாக, ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஸ்டிரால் மிகுந்த இறுகிய பகுதியும் இளகிய பகுதியும் தனித்தனியாகப் பிரிந்ததுதான் அது. ஸ்லைடை மெதுவாகச் சூடாக்கினால் பொட்டுகளின் ஓரம் நெளிய ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் எல்லாம் கலந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது சாப்பாட்டு நேரத்தை மறந்துவிட்டேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாரா கெல்லர் குழு 2022இல் வெளியிட்டது இதைப் பற்றித்தான். எந்த வெப்பத்தில் வளர்த்தாலும், பொட்டுகள் கலந்துபோகும் வெப்பநிலை அதற்குச் சுமார் 15 டிகிரி மேலே நிற்கிறது. குளிரில் வளர்த்தால் கலக்கும் புள்ளியும் கீழே வரும், சூட்டில் வளர்த்தால் மேலே போகும். அந்தச் சவ்வு உள்ளே இருக்கும் வலைப்பின்னலின் நகல் இல்லை, தனக்கென்று ஒரு குறி வைத்துக்கொள்கிறது.

பழைய_வாத்தியார் எழுதியது:

இது விளக்கம். முதல் பதிலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

முனிச்சாலை_பேக்கரி எழுதியது:

இப்போது உருட்டிய மாவை ஃப்ரீசரில் வைத்து மச்சானுக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை. அதில் பாதி ஈஸ்ட் செத்துப்போகிறது என்கிறார்கள். இந்த ஓலே சமாச்சாரத்தை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

நாகமலை_லேப் எழுதியது:

2007இல் ஒரு குழு சூரியகாந்தியின் மரபணுவை ஈஸ்ட்டில் வைத்துப் பார்த்தது. ஓலே1 போடத் தெரியாத இரண்டாவது இரட்டைப் பிணைப்பை அது போடும். சவ்வு இன்னும் இளகி, உறையவைத்துக் கரைத்தபோது உயிர் பிழைத்த செல்கள் கூடின, உப்பையும் கூடுதலாகத் தாங்கின. ஆனால் அது லேப் ஈஸ்ட். உங்களுக்கு நடைமுறை வழி: ஈஸ்ட்டின் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள், மாவு எழ ஆரம்பிப்பதற்குள் ஃப்ரீசருக்குள் தள்ளுங்கள். புளிக்கத் தொடங்கிய ஈஸ்ட் தன் ட்ரெஹலோஸைத் தின்று தீர்த்துவிடும், அப்புறம் உறைபனியை அவ்வளவாகத் தாங்காது.

முனிச்சாலை_பேக்கரி எழுதியது:

கடைசிக் கேள்வி. மாவில் நாங்கள் போடும் டால்டா ஈஸ்ட்டின் சவ்வுக்குள் போகுமா? அதில் டிரான்ஸ் கொழுப்பு என்று பயமுறுத்துகிறார்களே.

நாகமலை_லேப் எழுதியது:

முழுக் கொழுப்பாக இருக்கும்வரை போகாது. அதை வெளியே உடைக்கும் நொதியை பேக்கரி ஈஸ்ட் சுரப்பதில்லை. உடைந்த கொழுப்பு அமிலமாக இருந்தால் மட்டுமே உள்ளே எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ் வடிவம் உள்ளே போனாலும் ஓலே1 செய்கிற வேலையை முழுசாகச் செய்யாது. ஒலியிக்கின் டிரான்ஸ் வடிவமான எலாய்டிக் அமிலத்துக்கு வளைவு இல்லை, உருகுவதே 45 டிகிரி வாக்கில்தான், எம்ஜிஏ2 அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். மற்றபடி எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. டின் வாங்கும்போது லேபிளைப் பார்த்து வாங்குங்கள் அண்ணே.